காசிமேட்டு வலைக்கூடத்துக்கு ஒரு நன்றி மடல்

காசிமேடு, ராயபுரம் சொந்தங்களுக்கு வணக்கம்.

மார்ச் 1 மாலை, ஜப்பானிய வேதியியலாளர் கட்சுகோ சருஹாஷியைப் பற்றிப் பேசக் கூடினோம். இடம் தருவதாகச் சொன்ன மண்டபத்தார் முந்தின நாள் இரவு கைவிரித்துவிட்டார்கள். "அதுக்கு ஏம்மா அழுவுற? எங்க வலைக்கூடம் கீதே" என்ற ஆயாவுக்கு முதல் நன்றி. பின்னிக்கொண்டிருந்த வலையைச் சுருட்டி ஓரம் வைத்து, தார்ப்பாய் விரித்து, பெஞ்சு இழுத்துப்போட்டதும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

துறைமுகம் தாண்டிப் போய் ஒரு கேன் கடல்தண்ணீர் மொண்டுவந்த படகு டிரைவர் அண்ணனை மறக்கவே முடியாது. மேசையில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் ஒரு சிறுமி விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்புதான் கரிக்குது டீச்சர்" என்றாள். அணுகுண்டுச் சாம்பல் கலந்திருந்தாலும் அப்படித்தான் கரித்திருக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அந்த விஷத்தை எண்ணிக் காட்டத்தான் சருஹாஷி வாழ்நாளைக் கொடுத்தார்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா சோதித்துப் பார்த்த அணுகுண்டு ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் தலையில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. அதோடேயே தூண்டில் கயிற்றை இழுத்தார்கள். அந்தப் படகில் ரேடியோ வேலை பார்த்த குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். இதைச் சொன்னபோது கூடத்தில் யாரும் அசையவில்லை. கடலுக்குப் போனவரைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே எத்தனை!

பசிபிக் தண்ணீரில் கலந்த சீசியம்-137ஐ, அதாவது அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளை, சருஹாஷி அளந்தார். அந்தக் கணக்கை அமெரிக்க விஞ்ஞானிகள் நம்பவில்லை. 1962இல் அவர்கள் ஆய்வகத்துக்கே போய், ஒரே தண்ணீரை இரு தரப்பும் அளந்து, தன் கணக்கு சரியென்று நிறுவினார். மறு ஆண்டே, வானிலும் கடலிலும் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும் ஒப்பந்தம் வந்தது. அதற்கு இப்படிப்பட்ட அளவுகளும் துணைநின்றன. கோஷம் போடுவதைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

காசு வாங்காமல் மைக் செட் கட்டிய தம்பிகளுக்கும், சுண்டல் அவித்துத் தந்த அக்காவுக்கும், "அந்த மீன கொழந்தைங்க துன்னுச்சா?" என்று கேட்ட அம்மாவுக்கு நிதானமாகப் பதில் சொன்ன டாக்டருக்கும் நன்றி.

அண்ணா, உங்க கேன் எங்க வீட்டில்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்