வாங்கைத் திருப்பிப் போடுங்கள்: எங்கள் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரபிதா அவர்களுக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சந்தைச் சதுக்கத்தில் தபால் கவுண்டரோடு சேர்ந்த கடையை நடத்துகிறவன் எழுதுகிறேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து நீங்கள் கழற்றிக்கொண்டுபோன வாங்கை, சனம் இருந்து இளைப்பாறிய அந்த நீள இருக்கையை, திருப்பித் தரச் சொல்லி ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் உங்கள் கணினி எனக்கு நன்றி சொன்னது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆகவே இந்த முறை தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு விளங்காது என்று தெரியும். முந்திய மூன்றும் விளங்கியதாகவும் தெரியவில்லை. எங்கள் சனமாவது வாசிக்கட்டும்.

போன கிழமைதான் உங்களிடமிருந்து முதன்முதலாக ஒரு மனிதர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. ஆவலோடு பிரித்தேன். வாங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் நான் வைக்கிற பால் கூடை நடைபாதைக்கு இடைஞ்சலாம், 14 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டுமாம்.

எடுக்கிறேன். வாங்கைத் திருப்பிப் போடுங்கள், அன்றைக்கே எடுக்கிறேன்.

எந்த வாங்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். 2022 செப்டெம்பர் 8ஆம் திகதி, வியாழன் பின்னேரம், மகாராணி காலமான செய்தி வந்தது. அடுத்த நாள் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வான் ஒன்றில் வந்து, தரிப்பிடத்து வாங்கைக் கழற்றி ஏற்றினார்கள். சார்ள்ஸைப் புதிய மன்னராக அறிவிக்கிற ஞாயிறு பிரகடனத்துக்குச் சனம் கூடும், இடம் வேண்டும் என்றார்கள். நியாயம்தானே. கழற்றுவதற்கு நானும் ஒரு கை பிடித்தேன். "திங்களுக்குக் கொண்டுவந்து பூட்டிவிடுவோம்" என்று சொன்னார்கள். எந்தத் திங்கள் என்று கேட்காமல் விட்டது என் பிழை.

பிரகடனம் சிறப்பாகவே நடந்தது, குறை சொல்லமாட்டேன். சனிக்கிழமை லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மாளிகையில் வாசித்ததை ஞாயிறன்று எங்கள் நகரமண்டபப் படியில் நின்று வாசித்தீர்கள். மணி அடித்துக்கொண்டு அறிவிப்பாளர் வந்தார். அரச செய்தி அறிவிக்கிற வள்ளுவன் யானை மேல் இருந்து முரசறைந்த காலத்தைப் பற்றிப் படித்து வளர்ந்த எனக்கு அது பிடித்தே இருந்தது. நகரபிதா கழுத்தில் சங்கிலி, முன்னால் செங்கோல், "மன்னரைக் கடவுள் காப்பாராக", மூன்று முறை ஆரவாரம். சனி முற்பகல் முழுக்கம்பத்துக்கு ஏறிய கொடி, அரசாங்கம் சொன்னபடியே ஞாயிறு பகல் 1 மணிக்குத் திரும்பவும் அரைக்கம்பத்துக்கு இறங்கியது. ஒரு நிமிடம் பிசகவில்லை. கொடி விஷயத்தில் இவ்வளவு நேரந்தவறாத ஒரு சபைக்கு, நாலு கால் உள்ள ஒரு பலகையைத் திருப்பிப் பூட்ட மூன்று வருடம் காணாமல் இருக்கிறது.

என் அம்மாவுக்கு 84 வயது. செவ்வாய்க்கிழமை முழங்கால் பயிற்சிக்கும், வெள்ளிக்கிழமை பக்கத்துப் பட்டினத்தில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்கும் பஸ்ஸில் போவார். மணிக்கு ஒரு பஸ். அதுவும் வரும், சில நாள் வராது. கூரையும் இல்லாத தரிப்பிடம். அதனால் கடைக்குப் பால் வருகிற பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, மேலே மடித்த சாக்கு ஒன்றைப் போட்டு அவரை இருத்துவேன். இருக்கும்போது என் தோளைப் பிடிப்பார். எழும்பும்போதுதான் வில்லங்கம். கூடை அவ்வளவு தணிவு. பஸ் வந்து கதவு திறந்த பிறகும் அவர் பாதி எழும்பியபடி நிற்பார். சாரதி பொறுமையான பிள்ளை என்றால் காத்திருப்பார். இல்லாவிட்டால் அடுத்த மணித்தியாலம். போன மாசி மாதம் ஒரு செவ்வாய் அப்படி இரண்டு பஸ் போனது. நான் கவுண்டரில் ஓய்வூதியக்காரர் ஒருவரோடு நின்றேன், பார்க்கவில்லை. கடைக்குள் வந்தபோது அம்மாவின் கை விரல்கள் வெளிறிப்போய் இருந்தன. அன்று பயிற்சி இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "நாளைக்குப் போவம்" என்றார். நாளை புதன் என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கூடையைத்தான் இடைஞ்சல் என்கிறீர்கள்.

முடிசூட்டு விழா வந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது உண்மை. 2023 மே 6ஆம் திகதி முடிசூட்டல், 8ஆம் திகதி விடுமுறை. ஊரெல்லாம் தோரணம், தபால்பெட்டியின் தலையில் கம்பளி நூலால் பின்னிய கிரீடம். நீங்களும் ஒரு வாங்கு செய்வித்தீர்கள். முடிசூட்டு வாங்கு! கிரீடம் செதுக்கிய சாய்மனை, பித்தளைத் தகடு, நாடா வெட்டல், கைதட்டல். போட்ட இடம் நகரமண்டபத்துக்குப் பின்னால் இரும்புக் கதவு வைத்த தோட்டம். மாலை 4 மணிக்குப் பூட்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திக் காட்டினேன். தடவிப் பார்த்தார். "வடிவான வாங்குதான் தம்பி," என்றார். "ஆனா இஞ்ச பஸ் வராதே."

அம்மாவுக்கு மன்னர் மாறுவது புதிதல்ல. 1952இல் ஆறாம் ஜோர்ஜ் இறந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. சுதந்திரம் கிடைத்தும் 1972 வரைக்கும் இலங்கைக்கு அரசி எலிசபெத்தான், விளிம்பு வளைந்த இரண்டு சதக் குற்றியில் அவர் தலையும் இருந்தது. ராசாவின் படத்தை வகுப்புச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு ராணியின் படம் வந்து சேரக் கனநாள் எடுத்ததாம். அதுவரைக்கும் ஆணி மட்டும் நின்றதாம். உங்கள் தரிப்பிடத்திலும் நாலு போல்ட் முனைகள் இன்னும் நிலத்தில் நிற்கின்றன. மழைக்குத் துருப்பிடித்து, சுற்றிவர மண்ணிறக் கறை. உண்மையான இடைஞ்சல் அதுதான், அதைப் பற்றி யாரும் எனக்கு எழுதவில்லை.

வாங்கு என்ற சொல்லையே எங்களுக்குத் தந்தவர்கள் போர்த்துக்கீசர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, எங்கள் கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நகரபிதா கழுத்தில் கிடப்பதைப் போல அவன் பெயரும் சங்கிலிதான். அரசு போனது, வாங்கு மிஞ்சியது. உங்கள் ஊரில் அரசு அப்படியே இருக்கிறது, வாங்கைக் காணவில்லை.

மன்னரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் என் காசு லாச்சிக்கே நேரத்துக்கு வந்து சேர்ந்தவர். 2022 டிசெம்பரில் அவர் தலை போட்ட 50 பென்ஸ் குற்றிகள் தபால் கவுண்டர்கள் வழியாகத்தான் புழக்கத்துக்கு வந்தன, நாடு முழுக்க 49 இலட்சம். ராணி வலப்பக்கம் பார்ப்பார், இவர் இடப்பக்கம். இரண்டாம் சார்ள்ஸ் காலத்திலிருந்து மன்னருக்கு மன்னர் முகத்தைத் திருப்புவது வழக்கமாம். அதைக்கூட மறக்காமல் செய்தார்கள். 2023 ஏப்ரிலில் முத்திரை, 2024 ஜூனில் நோட்டு. பட்டைக்குறி இல்லாத பழைய சாதாரண முத்திரைகள் செல்லாது என்று கவுண்டரில் நின்று கிழவிகளிடம் ஏச்சு வாங்கியவனும் நான்தான். எல்லாம் மாறியது, எல்லாவற்றுக்கும் ஒரு திகதி இருந்தது.

அபிங்டன் என்ற ஊரில் அரச விசேஷம் வந்தால் சபை உறுப்பினர்கள் அங்கி போட்டுக்கொண்டு பழைய கவுண்டி ஹால் கூரையில் ஏறிச் சனத்துக்கு பன் எறிவார்கள். 1761இல் மூன்றாம் ஜோர்ஜின் முடிசூட்டலுக்கே எறிந்தார்களாம். பழைய பன்களுக்கு வார்னிஷ் பூசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கேட்டபோது சிரித்தேன். இப்போது யோசித்தால், அங்கே சனத்தின் கைக்கு ஒரு பன்னாவது வருகிறது. எங்களுக்கு வங்கி போய்விட்டது, பொதுக் கழிப்பறைக்குப் பூட்டு, நூலகம் கிழமையில் மூன்று நாள், கடைசி பஸ் ஆறு மணிக்கு. ஆனால் பழம்பெருமை வாய்ந்த சந்தைப் பட்டினம் என்று ஊர் எல்லையில் புதிய பலகை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகையில் இருக்கவும் முடியாது.

மன்னிக்க வேண்டும், வேறு எங்கோ போய்விட்டேன். உங்களிடம் கழிப்பறை கேட்க வரவில்லை.

பாதுகாக்கப்பட்ட பகுதி, எதை வைப்பதானாலும் அனுமதி எடுக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். புதிதாக எதுவும் வைக்கச் சொல்லவில்லை. உங்கள் களஞ்சியத்தில் பழைய தோரணங்களுக்குக் கீழே அந்த வாங்கு கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன், கைபிடியில் ஒரு பக்கம் பச்சை வண்ணம் உரிந்தது. அதையே தாருங்கள். அதுவும் முடியாதென்றால் முடிசூட்டு வாங்கைத் தரிப்பிடத்துக்கு மாற்றுங்கள். தன் பெயரில் போட்ட வாங்கில் ஒரு கிழவி பஸ்ஸுக்குக் காத்திருந்தால் மன்னர் குறை நினைக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

தயவுசெய்து வாங்கைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் தந்த 14 நாளில் ஒன்பது மிச்சம் இருக்கிறது. புதிதாகத் துளை போடத் தேவையில்லை, போல்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. துருவுக்கு எண்ணெயும் ஸ்பானரும் கடையில் வைத்திருக்கிறேன், காலை ஆறு மணிக்குத் திறப்பேன்.

இப்படிக்கு,
பால் கூடையின் சொந்தக்காரன்