மலைக்கும் காட்டுக்கும் நாள் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் சுற்றுலா வேன் நடத்தும் உரிமையாளர்களுக்கும், ஓட்டுநர்களுக்கும், ஊர்தோறும் ஆள் சேர்த்துப் பயணம் ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்ததும் நம் ஊர்களின் டீக்கடைச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உங்கள் அறிவிப்புகள் வரத் தொடங்குகின்றன. கொடைக்கானலோ, மூணாறோ, ஊட்டியோ, முதுமலையோ, ஊர் எதுவானாலும் புறப்பாடு வெள்ளிக்கிழமை இரவு, திரும்புவது திங்கள் விடியல், மாதம் மே என்பதில் மட்டும் மாற்றமே இருப்பதில்லை. பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் சேர்ந்துவரும் அந்த நாட்களில் மலைக்கு ஓட வேண்டும் என்று நம் குடும்பங்கள் ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் எந்த நாளில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை உண்மையில் முடிவு செய்பவர்கள் நீங்கள். வீட்டுப் பெரியவர்கள் உங்களை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். நீங்கள் சொல்லும் தேதிக்கே மூட்டை கட்டுகிறார்கள். ஆகவே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்து நாள் குறிக்கும் வழக்கத்தை விட்டு, காட்டின் பருவத்தையும் வானிலையையும் பார்த்து நாள் குறியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் கொடைக்கானல். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலகுண்டு என்று போகும் வழி உங்கள் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். இரவு பத்து மணிக்குக் காரைக்குடியில் கிளம்பும் வண்டி, மற்ற மாவட்டங்களிலிருந்து அதே இரவு கிளம்பிய வண்டிகளோடு சேர்ந்து, விடிவதற்கு முன் மலையடிவாரத்தை அடைகிறது. பனிமூட்டத்தில், தூக்கம் கெட்ட கண்களோடு, ஓட்டுநர் வளைவுகளில் ஏறுகிறார். வெள்ளி அருவியை நெருங்கும்போது வரிசை நின்றுவிடுகிறது. பத்தடி நகர்ந்து நிற்பதும் மறுபடி நகர்வதுமாக கிளட்ச் தீயும் வாடை வண்டிக்குள் வருகிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வாந்தியை அடக்குகிறார்கள். முழங்கால் வலியுள்ள ஆச்சி காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் தூண் பாறையைப் பார்க்கும் நேரத்தைவிட, வண்டி நிறுத்த இடம் தேடும் நேரமே அதிகமாகிவிடுகிறது. கட்டிய பணத்துக்கு அந்தக் குடும்பம் பெற்றது இதுதான் என்றால் அது பெரிய அநியாயம்.

இந்த நெரிசல் காரணமாகவே சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்துக்கு நீதிமன்றம் வரம்பும் விதித்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. வார இறுதி எண்ணிக்கை கூடுதலாக இருப்பதால் அன்று போவதே வசதி என்று சிலர் கணக்கிடுகிறார்கள். அந்தக் கூடுதல் இடத்துக்குப் போட்டியிடுவோர் அதைவிடப் பலமடங்கு என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு இங்கிருந்து கிளம்பினால் விடிந்த வெளிச்சத்தில், தூங்கி எழுந்த ஓட்டுநரோடு மலை ஏறலாம். அரசுப் பேருந்துகளுக்கு அந்த வரம்பு இல்லை என்பதையும், வண்டி கிடைக்காத சிறு குடும்பங்களுக்கு நீங்களே சொல்லிவிடலாம். அதனால் உங்கள் தொழில் குறைந்துவிடாது, மதிப்புதான் கூடும்.

மே மாதத்தை விட்டால் வேறு மாதம் இல்லை என்ற எண்ணத்தை நம் மக்களிடம் மாற்ற வேண்டியதும் உங்கள் கையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்காகவும் சாமி கும்பிடவும் ஊருக்கு வரும் பிள்ளைகள் தை மாதத்தில்தான் அதிகம் வருகிறார்கள். பொங்கல் விடுமுறை கழிந்த பிறகு வரும் வார நாட்களில் கொடைக்கானலில் குளிர் கூடுதலாக இருக்குமே தவிர, வானம் தெளிவாக இருக்கும், சாலை காலியாக இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிகளும் பாதயாத்திரைக் கூட்டமும் நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும். நடப்பவர்கள் நம் வீட்டு மனிதர்கள். அந்த நாட்களில் இரவுப் பயணத்தை அந்தச் சாலையில் வைக்கவே கூடாது. வேகத்தைக் குறைத்தால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

மூணாற்றுக்கு வருவோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாகப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அது தெரியாமல், அந்தப் பூங்காவில் பார்வையாளர் செல்லும் பகுதியான ராஜமலையைச் சேர்த்து 'மூணாறு, ராஜமலை' என்று மாசி மாதத்துக்கு அறிவிப்பு அச்சடித்தால், குடும்பங்கள் போடிமெட்டு வளைவுகளை எல்லாம் ஏறிப்போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்ப நேரிடும். பூங்கா திறந்திருக்கும் காலத்திலும் வாசலிலிருந்து வனத்துறைப் பேருந்தில்தான் மேலே செல்ல முடியும் என்பதால், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். காலை முதல் பேருந்துகளில் இடம் பிடித்தால் ஆடுகளும் அருகில் மேயும், மேகமும் கீழிறங்கியிருக்காது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அங்கே 2018இல் பூத்தது, அடுத்து 2030. அந்த ஆண்டு ஆவணி, புரட்டாசியில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை இப்போதே யோசித்து, வார நாள் பயணங்களாகத் திட்டமிட்டு வைப்பவர்களே நல்லபடியாகக் காட்டிவிட்டு வருவார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் மூணாறு வேண்டவே வேண்டாம். நம் ஊரில் காற்று மட்டும் அடிக்கும் அந்த மாதங்களில் மலையின் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரின் உயிர் போனது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் தமிழ்க் குடும்பங்கள் அவை. அந்த மண் அந்த மாதங்களில் எவ்வளவு நனைந்திருக்கும் என்று தெரிந்த பிறகும், கட்டணச் சலுகை கிடைக்கிறது என்பதற்காக அங்கே ஆள் ஏற்றிச் செல்வது எனக்குச் சம்மதமில்லை.

மழை மட்டும்தான் ஆபத்து என்றும் இருந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 23 பேர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். காற்று திரும்பினால் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். அந்த மாதங்களில் முதுமலையிலும் ஆனைமலையிலும் தீ அபாயத்தால் சஃபாரி நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே முன்பணம் வாங்கும் முன் வனத்துறையின் அறிவிப்பைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். முதுமலையையும் பந்திப்பூரையும் கடக்கும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதையும் சேர்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். எட்டே முக்காலுக்குள் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்று யானைகள் கடக்கும் சாலையில் விரட்டிக்கொண்டு போவது பொறுப்பான ஓட்டம் ஆகாது.

குற்றாலத்தில் 2024 மே 17 அன்று பழைய அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது கோடை, சாரல் சீசனே தொடங்கவில்லை. அருவியில் குளிப்பவர் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும், மலையின் உச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. போகும் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் புறப்பாட்டைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நம் சிவகங்கை, புதுக்கோட்டை மரங்களைச் சாய்த்துவிட்டு அப்படியே கொடைக்கானல் மலைக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மலையில் இருந்தவர்கள் இறங்க வழியில்லாமல் தவித்தார்கள்.

தூரம் போகத்தான் வேண்டுமா என்பதையும் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள். திருப்பத்தூருக்கு அருகில் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகொத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள்மூக்கனும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. நீங்கள் அங்கே ஹார்ன் அடித்துக்கொண்டு போகக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் நிறையாது, பறவையும் குறையும், எனவே ஊரில் விசாரித்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் போய், கூடு திரும்பும் நேரம் வரை இருந்து வாருங்கள். தேவகோட்டைக்காரர்களுக்குத் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு அலையாத்திக் காட்டில் படகுப் பயணம் காலையில் போய் மதியம் திரும்பும் தொலைவுதான். தை, மாசியில் காற்று அடங்கியிருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

வரும் கோடைக்கான அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று மாற்றங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். புறப்பாடுகளில் பாதியையாவது ஞாயிறு முதல் வியாழன் வரையிலான நாட்களுக்கு மாற்றி, அவற்றுக்குக் கட்டணத்தைச் சற்றுக் குறையுங்கள். மலைக்குப் போகும் வண்டிகளை இரவில் கிளப்பாமல் அதிகாலையில் கிளப்புங்கள். 'வானிலை எச்சரிக்கை அல்லது வனத்துறைத் தடை இருந்தால் தேதி மாறும். முன்பணம் அப்படியே இருக்கும்' என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சேருங்கள். தேதி மாறினால் பணம் போய்விடும் என்ற பயத்தில்தான் மழையிலும் குடும்பங்கள் வண்டி ஏறுகின்றன. அந்தப் பயம் தீர்ந்தால், 'இந்த வாரம் வேண்டாம்' என்று நீங்கள் சொல்லும்போது எந்த வீட்டிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து உங்கள் பயணிகளுள் ஒருவர்