54 மாதக் கணக்கை யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி நான். 2022-இல் நீட் எழுதிய என் மகளை, நாகர்கோவிலில் ஒரு முகவரின் பேச்சை நம்பி பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினேன். முதலில் பி.எஸ். என்ற அறிவியல் பட்டம், அதன்பின் எம்.டி. என்ற மருத்துவப் படிப்பு, இரண்டும் சேர்ந்தால் நம்மூர் எம்.பி.பி.எஸ். மாதிரிதான் என்று அடித்துச் சொன்னார். அப்பா வைத்துவிட்டுப் போன இருபது சென்ட் விளையை விற்றுப் பணம் கட்டினேன்.

வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவராக வேலை பார்க்க, அந்த மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரிலேயே விதி போட்டுவிட்டது. அங்கே எம்.டி. படிப்பு நான்கு ஆண்டுதான். பி.எஸ். படித்த காலம் மருத்துவப் படிப்புக் கணக்கில் வராது. இது எனக்கு எப்படித் தெரியும்? பி.எஸ். முடித்துத் திரும்பி வந்த மகள், முகவர் தந்த அதே வழவழப்பான நோட்டீசின் பின்பக்கத்தில் 54, 48 என்று எழுதிக் கழித்துக் காட்டினாள். கீழே 6 என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டாள். அன்றைக்கு இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இப்போது மறுபடியும் நீட்டுக்குப் படிக்கிறாள்.

பிளஸ் 2 முடிவு வரும் வாரத்தில் இந்த விதிகளைத் தமிழில் அச்சடித்து, நம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோரே, படிப்பு எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், குலசேகரம்