செயலாளர் ஆண்டறிக்கை: பூங்கா, திடல் பணியாளர் பயிற்சிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் திடல்களிலும் சிறுவர் பூங்காக்களிலும் வேலை செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இவ்வாண்டு நடத்திய பயிற்சிகளின் விவரத்தை இக்கூட்டத்தின்முன் வைக்கிறேன். எல்லாப் பயிற்சிகளும் தமிழில், திடலிலேயே நடந்தன. மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினால் ஊஞ்சல் சங்கிலியின் தேய்மானம் கைக்குப் பிடிபடாது.

அதிக நேரம் எடுத்தது சிறுவர் விளையாட்டுக் கருவிச் சோதனை. 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளிதான் ஆபத்தானது. பிள்ளை கால்களை முதலில் விட்டால் உடல் நுழைந்துவிடும், தலை நுழையாது. கழுத்தில் தொங்க நேரிடும். கைப்பிடிக் கம்பி ஒன்று கழன்று போனாலே இப்படி ஓர் இடைவெளி உண்டாகிவிடுகிறது. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அளக்க, 89 மி.மீ. அகலமும் 157 மி.மீ. நீளமும் உள்ள பலகைத் துண்டு ஒன்று, 230 மி.மீ. விட்டத்தில் வட்டப் பலகை ஒன்று போதும். சிறியது நுழையும் இடத்தில் பெரியதும் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை கருவியைக் கயிறு கட்டி மூடிவிட வேண்டும்.

ஊஞ்சலில் சங்கிலியை மாட்டும் 'எஸ்' வடிவக் கொக்கியின் வாய் 1 மி.மீ.க்கு மேல் திறந்திருந்தால் இறுக்க வேண்டும். சங்கிலி மாட்டியுள்ள உயரம் 2.4 மீட்டர் என்றால் முன்னால் 4.8, பின்னால் 4.8 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நம் திடல்கள் பலவற்றில் அந்த இடத்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.

கீழே போடும் மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 23 செ.மீ. ஆழ மணல், சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு. கொட்டிய மணல் கால்பங்கு அமுங்கிவிடும் என்பதால் சுமார் 31 செ.மீ. கொட்ட வேண்டும். ஊஞ்சலின் அடியிலும் சறுக்குப் பலகையின் கால்மாட்டிலும் மணல் சிதறிப் பள்ளம் விழும். பிள்ளைகள் அதிகம் விழுவதும் அங்கேதான். ஆகவே ஆழத்தை அந்த இரண்டு இடங்களில் அளக்க வேண்டும், ஓரத்தில் அல்ல.

கிளை வெட்டும் பயிற்சிக்குத் தூங்குமூஞ்சி மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வெட்டு, தண்டிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. பட்டை உரியாமல் கிளை விழும். மூன்றாவது, தண்டோடு சேரும் தடித்த கழுத்துக்கு வெளியே. கழுத்தையும் சேர்த்து வழித்து வெட்டினால் காயம் மூடாமல் அழுகல் உள்ளே இறங்கும். நீண்ட கட்டையாக விட்டாலும் அதே கதிதான். சாயம் பூசத் தேவையில்லை. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை அனுமதியின்றிச் சாய்க்கக்கூடாது என்பது 1976 நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் உள்ளது. காய்ந்த மரத்துக்கும் உடனடி ஆபத்துக்கும் விலக்கு உண்டு.

1880இல் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்த தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் சென்றுவந்தோம். ஏரியை நோக்கிச் சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தவர்கள், திருவிழா நாளில் மரத்தடியில் லோரியை நிறுத்த இனி விடமாட்டார்கள் என்று நம்புகிறேன். எடையில் இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் போகாது.

புல்வெட்டி, கொசு ஒழிப்புப் பயிற்சிகள் வழக்கம்போல் நடந்தன. புல் வெட்டும்போது 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக்கூடாது. 50க்கு 1 கலவை கேட்கும் இயந்திரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 100 மி.லி. எண்ணெய், கண்ணளவு வேண்டாம். கொசு வளர நீர் தேங்காதபடி, பூங்காவில் பதித்த டயர்களில் அடியில் துளையிட்டு, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இடி விஷயத்தில் ஒரே விதி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் திடலைக் காலி செய்யுங்கள், கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் திறக்காதீர்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள், குறிப்பாகக் கூட்டிப் பெருக்கும் பெண்கள், பலர் வரவில்லை. அன்றைய கூலி போய்விடும் என்பதே காரணம். தொழிலாளருக்குப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது. எனவே பயிற்சி நாளைச் சம்பள நாளாகக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் எனக் கோரும் தீர்மானத்தை இக்கூட்டத்தில் முன்வைக்கிறேன். முன்மொழிந்து, வழிமொழிய உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்