அந்த ஊதாக் கதிர் படம் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில் லேசர் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆர்கான் வாயு நிரப்பிய குழாய்க்குள் சிவப்பாகப் போகும் கதிர் மறுமுனையில் ஊதாவாக வருவது போலப் படம் போட்டிருந்தீர்கள். கீழே, வாயு தன் ஆற்றலை ஒளிக்குக் கொடுக்கிறது என்று ஒரு வரி வேறு. இரண்டும் சரியில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவன், சும்மா விட மனம் வரவில்லை.

கண்ணாடியில் நுழையும் ஒளியின் வேகமும் அலைநீளமும் மாறும், அதிர்வெண் மாறாது என்று பாடத்தில் இருக்கிறது. கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும்வரை அது சரிதான். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. வழியில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும், எல்லா பஸ்ஸுக்கும் அது ஒரே மாதிரி இருந்தால், ஆற்காட்டிலும் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வந்து சேரும். நேரம் ஆக ஆக நெரிசல் கலைந்துகொண்டே போனால்? பின்னால் வருவது முன்னால் போவதை நெருங்கும். ஆற்காட்டில் இடைவெளி குறையும்.

இங்கே நெரிசலைக் கலைப்பது லேசரேதான். சதுர சென்டிமீட்டருக்குக் கோடி கோடி வாட் என்ற செறிவில் வரும் துடிப்பு (கண நேரமே நீடிக்கும் லேசர் ஒளி), ஆர்கான் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடும். துடிப்பு கடந்துபோகும் சில பத்து ஃபெம்டோ நொடிக்குள் (நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ நொடி) உதிரி எலக்ட்ரான்கள் மளமளவெனப் பெருக, ஒளியின் நெரிசலைச் சொல்லும் அளவான ஒளிவிலகல் எண் இறங்குகிறது. பின்னால் வரும் அலைமுகடுகள் வேகம் கூடி முன்னதை நெருங்குகின்றன, அதிர்வெண் ஏறுகிறது, அலைநீளம் குறைகிறது. (முகடுகளுக்குத்தான் அந்த வேகம். துடிப்பு ஒன்றும் ஒளிவேகத்தை மிஞ்சிவிடாது.)

பிய்க்கும் செலவும் ஒளியின் கணக்கில்தான். ஆர்கான் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்க்க 15.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 800 நானோமீட்டர் அலைநீள லேசரின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஓர் ஒளித்துகளிடம், இருப்பதோ 1.55. அப்புறம் வாயு எங்கிருந்து கொடுக்கும்? வெளியே வரும் துடிப்பு மொத்தத்தில் இளைத்துத்தான் வரும்.

அந்த 800 நானோமீட்டரே அகச்சிவப்பு. பெரும்பாலும் அதிலிருந்து சில பத்து நானோமீட்டர் குறைந்தாலே பெரிய விஷயம். ஊதா எங்கே, அது எங்கே! காவலூர் வானாய்வகம் பார்த்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, “அப்போ லேசர் நம்மை நோக்கி ஓடி வருதா சார்?” என்றாள். நட்சத்திரத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும்; அது நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளியின் அதிர்வெண் ஏறித் தெரியும். இங்கே எதுவும் ஓட வேண்டியதில்லை.

இவ்வளவு செறிவான துடிப்புகளுக்கு வழி திறந்தது 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார்ட் மூரூவும் கண்ட உத்தி. 2018-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். படம் போடுமுன் மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.