சித்திக்கு ஒரு கடிதம்: சீனப் பெருஞ்சுவரில் நடக்கக் கிளம்பும் முன்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை முழுதாகப் படித்தேன். ஏழு நாள், பத்துப் பேர், ஒரு வழிகாட்டி, பெய்ஜிங்கில் தொடங்கி பெய்ஜிங்கிலேயே முடிகிறது. "ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர்தானே, காலையில் பார்க்கில் அவ்வளவு நடக்கிறேனே" என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமான பதில். அதே நினைப்போடு கிளம்புகிறவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பெருஞ்சுவரில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்கக் கூடாது சித்தி, படியால் அளக்க வேண்டும். பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள, மிங் அரச வம்சத்தின் காலத்துச் சுவர் மலையின் அடிவாரத்தில் ஓடவில்லை, முகட்டின் மேலேயே ஏறி இறங்கி ஓடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு காவற்கோபுரம், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம். அதனால் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதென்றால் பெரும்பாலும் இறங்கி ஏறுவதுதான். படிகளும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று உள்ளங்கை உயரம், அடுத்தது முழங்கால் உயரம். காலுக்கு ஒரு தாளம் பிடிபடாது. அதனால்தான் ஆறு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. களைப்பு ஏறும்போது மூச்சில் தெரியும், ஆனால் மறுநாள் எழவிடாமல் செய்வது இறங்கியதுதான்.

உங்கள் திட்டத்தில் எந்த எந்தப் பகுதிகளின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். "பெருஞ்சுவரில் நடை" என்று மட்டும் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2012-இல் சீன அரசு அறிவித்த அளவீட்டின்படி எல்லாக் காலத்துச் சுவர்களும் சேர்த்து 21,196 கிலோமீட்டர். அதில் நடக்கத் தகுந்ததும் அனுமதி உள்ளதும் மிகக் கொஞ்சம். பெயர் தெரிந்தால்தான் எப்படிப்பட்ட நடை என்று சொல்ல முடியும்.

முதல் நாளுக்கு முத்தியன்யூ சரியான தேர்வு. நன்றாகச் செப்பனிட்ட பகுதி. 23 கோபுரங்களுக்கும் எண் உண்டு. மூடிய ரோப் கார் 14-ஆம் கோபுரத்தின் அருகே விடும், திறந்த நாற்காலி லிப்ட் 6-ஆம் கோபுரத்தின் அருகே விடும். இரண்டுக்கும் சீட்டு வேறு வேறு, ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். 14-இலிருந்து 20 வரை ஏறித் திரும்ப இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கடைசிப் படிக்கட்டு மிகச் செங்குத்து. அங்கே உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டால், மீதி நாட்களை வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யலாம். பாதாலிங் பகுதி உங்கள் பட்டியலில் இல்லாதது நல்லது. கூட்டத்தில் நிற்கத்தான் நேரம் போகும்.

உங்கள் பயணத்தின் உயிர் ஜின்ஷான்லிங்தான். ஹெபெய் மாகாணத்தில், பெய்ஜிங்கிலிருந்து வேனில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்தரை கிலோமீட்டர் நீளம், 67 கோபுரங்கள். ஒரு பாதி செப்பனிட்டது, கிழக்கே போகப் போக பழைய செங்கல் அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் காலடியில் உணர்கிற இடம் வேறு அதிகம் இல்லை.

இங்கே வேகமாக நடந்துவிடாதீர்கள். 1568-இல் இந்த எல்லைப் பகுதிக்கு வந்த தளபதி சி ஜிகுவாங், தென்கடற்கரையில் கடற்கொள்ளையரோடு போரிட்டுப் பேர் வாங்கியவர். அவர் வந்தபோது காவலர்கள் சுவரின் மேல் வெயிலிலும் பனியிலும் திறந்தவெளியில் நின்றார்கள், வெடிமருந்தையும் ஆயுதத்தையும் வைக்க இடமில்லை. அதற்கு அவர் கண்ட வழிதான் உள்ளே கூடமுள்ள கோபுரம்: கீழே தங்க, தூங்க, பொருள் வைக்க, மேலே காவல் பார்க்க. ஒன்றில் 30 முதல் 50 வீரர் வரை இருந்தார்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் நுழைந்து மேற்கூரையைப் பாருங்கள். ஒன்றில் மரத்தளம் எரிந்தோ உளுத்தோ போய் வானம் தெரியும், இன்னொன்றில் செங்கல் வளைவுகள் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். மேல்தளத்துக்குப் போகும் படி ஒரு ஆள் நுழையும் அகலம்தான். முதுகுப்பையைக் கழற்றி வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

செங்குத்தான சரிவுகளில் நடைபாதையின் குறுக்கே பாதி அகலத்துக்குச் சிறு சுவர்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அவை எதிரி சுவர்மேல் ஏறிவிட்ட பிறகும் சண்டையைத் தொடர்வதற்கு. காவலர் ஒரு குறுக்குச் சுவரின் பின்னாலிருந்து அம்பு விட்டு, அடுத்ததற்குப் பின்வாங்கி, மேலே உள்ள கோபுரத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அம்புத் துளைகள் இன்னும் இருக்கின்றன. அந்த இடங்களில் நடக்க மிஞ்சுவது சுவரோரம் ஒரு ஒடுக்கமான வழி. எதிரே ஆள் வந்தால் இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழி விடட்டும்.

சில செங்கற்களில் எழுத்து அச்சாகியிருக்கும். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு சுட்டது என்ற விவரம். "வான்லி ஐந்தாம் ஆண்டு, ஷான்டோங் இடது முகாம்" என்பது அவற்றில் ஒன்று, அதாவது வான்லி என்ற மிங் பேரரசரின் காலத்து 1577. சரக்கு மோசமென்றால் யாரைப் பிடிப்பது என்பது செங்கல்லிலேயே இருந்தது. விரலால் தேய்க்காதீர்கள், பல எழுத்துகள் அப்படித்தான் மழுங்கின. அந்தக் காலத்துக் கட்டுமானங்களில் சுண்ணாம்புச் சாந்தோடு பசையரிசிக் கஞ்சியைச் சேர்த்த வழக்கம் உண்டு. அரிசியின் மாவுச்சத்து சுண்ணாம்பை நெருக்கமாக இறுக வைத்தது என்று சீன வேதியியலாளர்கள் ஆய்ந்து 2010-இல் எழுதினார்கள்.

இந்த நடையைக் காலையில் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு நோக்கிச் செய்யச் சொல்லுங்கள். வெயில் முதுகில் விழும், கண் கூசாது, படியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். பாதையும் கரடுமுரடிலிருந்து செப்பனிட்டதற்குப் போவதால், கால் தளரும் நேரத்தில் நல்ல படி கிடைக்கும். முடியாவிட்டால் வழியில் ரோப் கார் இருக்கிறது. சுவரில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கோபுரத்துக் கதவு அல்லது சுவரின் உட்புறச் சிறுவாசல் வழியாகத்தான் கீழே போக முடியும். அன்றைய வழியில் இறங்குமிடங்கள் எவை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே கேளுங்கள். நல்ல வழிகாட்டி யோசிக்காமல் சொல்வார்.

முன்பெல்லாம் ஜின்ஷான்லிங்கிலிருந்து பக்கத்துப் பகுதியான சிமாதாய்க்கு நேரே நடந்தார்கள். இப்போது அந்த வழி மூடியிருக்கிறது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு யாராவது அப்படி விளம்பரம் செய்தால் கவனம். சிமாதாய்க்குத் தனியாக, முன்பதிவோடு போகலாம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் சில கோபுரங்கள் வரை ஏற விடுகிறார்கள், அவ்வளவுதான்.

கூபெய்கோவ் வேறு வகை. செப்பனிடாத சுவர், பல இடங்களில் மேல்தளம் மண்ணும் புதருமாக இருக்கும். 1933-இல் ஜப்பானியப் படையைச் சீன வீரர்கள் தடுத்து நின்ற இடம் இது. 24 சாளரக் கோபுரத்தின் பாதிதான் இன்று நிற்கிறது. அங்கிருந்து ஜின்ஷான்லிங் வரை சுவர் தொடர்ந்தாலும் நடுவே ராணுவப் பகுதி. சுவரை விட்டு இறங்கி, பள்ளத்தாக்கு வழியாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுற்றிக்கொண்டுதான் மறுபடி ஏற வேண்டும். தனியாகப் போகிறவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான். எந்தத் துண்டு திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை உறுதி செய்யச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாளில் "ஜியான்கோவ் காட்டுச்சுவர், சாகசம்" என்று இருக்கிறதே, அதை நீக்கச் சொல்லுங்கள் சித்தி. படங்களில் மிக அழகாகத் தெரிகிற பகுதிதான். ஆனால் பார்வையாளர்களுக்குத் திறக்காத பகுதிகளில் குழுவாக நிகழ்ச்சி நடத்துவதை 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. செங்குத்தான பாறை, பிடிமானம் இல்லாத சரிவு, காலை வைத்தால் நகர்கிற செங்கல். அங்கே விழுந்தவரைத் தூக்கிவர ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு மலையேற வேண்டும். இதைவிட எனக்கு வலிக்கிறது இன்னொன்று: சாந்து உதிர்ந்த சுவரில் ஒவ்வொரு காலடியும் ஒரு கல்லைத் தளர்த்துகிறது, அந்த இடுக்கில் மழைநீர் இறங்கிக் குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது, அடுத்த வேனிலில் அந்தத் துண்டே சரிகிறது. பணம் வாங்கிக்கொண்டு அங்கே கூட்டிப்போகிறவர்கள் தாங்கள் காட்டுவதையே அழிக்கிறார்கள். அந்த நாளுக்குப் பதில் ஜின்ஷான்லிங்கின் மேற்குப் பகுதியில் இன்னொரு அரைநாள் கேளுங்கள்.

காலம்: ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஏப்ரலில் ஜின்ஷான்லிங் சரிவுகளில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும், அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும். மே முதல் வாரமும் அக்டோபர் 1 முதல் 7 வரையும் தேசிய விடுமுறை, அந்த நாட்களை அறவே தவிருங்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் மழை. ஈரச் செங்கல் வழுக்கும், இடியும் வரும். முகட்டில் உயரமாக நிற்பது நீங்களும் கோபுரமும்தான் என்பதால், முதல் இடி கேட்டதுமே சுவரை விட்டு இறங்க வேண்டும். நவம்பர் முதல் மே வரை காட்டுத்தீத் தடுப்புக் காலம், தீப்பெட்டி லைட்டர் எதுவும் எடுத்துப்போகாதீர்கள்.

உடம்பைத் தயார் செய்ய எட்டு வாரம் போதும். பார்க் நடையைக் குறைத்து, அடுக்குமாடிப் படிக்கட்டில் வாரம் நான்கு நாள் ஏறி இறங்குங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு மொத்தம் பத்து மாடி, வாரா வாரம் ஐந்து மாடி கூட்டுங்கள், நான்காவது வாரத்திலிருந்து முதுகில் நான்கு கிலோ. இறங்கும்போது லிப்டில் வராதீர்கள், இறங்குவதுதான் பயிற்சி. காலை மெதுவாக, முழங்காலை லேசாக மடக்கியபடி வையுங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி உண்டென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலணி பழகியதாக இருக்கட்டும், விரல் முனையில் அரை அங்குலம் இடம் விட்டு. இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இரண்டு ஊன்றுகோல், முனையில் ரப்பர் மூடி கட்டாயம். வெறும் இரும்பு முனை செங்கல்லில் வழுக்கும், செங்கல்லையும் சிராய்க்கும். செங்குத்தான படியில் கோல்களை மடக்கிப் பையில் வைத்துவிட்டுக் கையால் பிடித்து ஏறுங்கள். பழைய படிகளின் நடுப்பகுதி தேய்ந்து சாய்ந்திருக்கும், ஓரமாகக் காலை வையுங்கள், ஆனால் செப்பனிடாத கைப்பிடிச் சுவரில் சாயாதீர்கள். தண்ணீர் இரண்டு லிட்டர், வெயில் நாளில் மூன்று. சுவரின் மேல் நிழல் என்றால் கோபுரத்தின் உள்ளே மட்டும்தான். கழிப்பறை வாசலிலும் ரோப் கார் நிலையத்திலும்தான், அங்கேயும் காகிதம் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

குழுவாகப் போவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. சுவர் ஒரு கோடு, சுற்றிவந்து தொடங்கிய இடத்துக்கே சேர முடியாது. வேன் ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் காத்திருந்தால்தான் முழு நடையும் கிடைக்கும். அதனால் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது: வேன் எங்கே காத்திருக்கும், குழுவின் கடைசியில் நடக்க இரண்டாவது ஆள் உண்டா, ஒருவர் பாதியில் இறங்கினால் அவரோடு போவது யார். பத்துப் பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்காது. இரவு கூபெய்கோவ் அல்லது ஜின்ஷான்லிங் அடிவாரத்துக் கிராம விடுதியில் தங்கவைக்கிறார்களா என்றும் கேளுங்கள். தினமும் பெய்ஜிங் திரும்பினால் சாலையிலேயே நான்கைந்து மணி நேரம் போய்விடும்.

சாப்பாடு பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று புரியும், ஆனாலும் காய்கறியில் கொத்துக்கறி தூவுவதைச் சிலர் அசைவமாகவே எண்ணுவதில்லை. வறுத்த பீன்ஸிலும் மாப்போ டோஃபுவிலும் அது இருக்கும். உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், குடைமிளகாய் சேர்த்து வதக்கும் "தி சான் சியன்", மெல்லியதாகச் சீவி வதக்கிய உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை, இவை கிராமத்து விடுதிகளிலும் கிடைக்கும். பன்றிக்கொழுப்பு வேண்டாம், காய்கறி எண்ணெய்தான் வேண்டும் என்பதைச் சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அலிபே என்ற பணம் கட்டும் செயலியை இங்கேயே போனில் ஏற்றி, கிரெடிட் கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்தால் வங்கியின் ஓடிபி வராமல் மாட்டிக்கொள்வீர்கள். விடுதி வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது, இந்திய எண்ணின் ரோமிங் டேட்டாவில் பொதுவாகத் திறக்கும். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும், நுழைவுச் சீட்டே அதன் எண்ணில்தான் பதிவாகும். ஆம்புலன்ஸுக்கு 120.

ஏற்பாட்டாளர் அனுப்பும் பதிலை எனக்கும் அனுப்புங்கள், பணம் கட்டும் முன் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்