பக்கவாதம் வந்தவரைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் பக்கவாதம் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில் மாத்திரை, உப்பு, சர்க்கரை எல்லாம் விவரமாக இருந்தது. பிசியோதெரபிக்கு மட்டும் ஒரே வரி. அது போதாது ஐயா.

என் வீட்டுக்காரருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடுங்க, அசையாம படுத்திருக்கட்டும்" என்றார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் பிசியோவாக இருந்த பெண், உடம்பு கொஞ்சம் நிலைக்கு வந்ததுமே அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். எங்களுக்கு அவர் முதலில் சொன்னது, இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது என்பது. தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்து போயிருக்கும். இழுத்தால் மூட்டு இறங்கி, ஆளை வாட்டும் வலி வந்துவிடும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் "எழுந்திருங்க மாமா" என்று அந்தக் கையையே பிடித்து இழுக்கிறார்கள்!

மூளையில் ஒரு பகுதி கெட்டுப்போனாலும், விடாமல் பழகினால் அதன் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். தேய்த்துவிட்டால் சுகமாக இருக்கும், ஆனால் நோயாளி தானே முயன்றால்தான் மூளை கற்கும். அதனால் நாற்காலியிலிருந்து எழுவதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, நன்றாக முன்னால் குனிந்து, விழுந்த காலிலும் பாரம் போட்டு எழ வேண்டும். எங்கள் பகுதி மேடும் பள்ளமும். வீட்டுக்கு வரவே படி ஏற வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில்.

"அங்கிள் வீட்டில் என்ன வேலை செய்வார்?" என்று ஒரு நாள் அந்தப் பிசியோ கேட்டார். கொல்லையில் கறிவேப்பிலை பறிப்பார் என்றேன். அதையே பயிற்சியாக்கிவிட்டார். வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தாழ்ந்த கிளைக்கு நீட்ட வேண்டும். விரல் இலையைத் தொடும், பிடிக்க வராது, நழுவும், மறுபடி நீட்டுவார். நாங்கள் குறுக்கே போய்ப் பறித்துக் கொடுக்கக் கூடாது என்று கட்டளை. பக்கத்தில் நின்றுகொண்டு உதவாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். இன்று சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். தேநீர்க் கோப்பை மட்டும் இடது கையில் இன்னும் நிற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு திரும்பாது, அதையும் அந்தப் பெண் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரியில் பிசியோவைப் பார்க்க அடுத்த தேதி கிடைக்கத்தான் நாளாகிறது. நடுவில் வீட்டில் பழகாவிட்டால் மூட்டுகள் இறுகிப்போகும். நம் தென்னாப்பிரிக்காவில் தனியார் பிசியோவைப் பார்க்க டாக்டர் சீட்டு கட்டாயமில்லை என்பதும் பலருக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, அப்புறம் ஒரு வருடம் அரசு சேவையும் முடித்து வருகிறவர்கள் அவர்கள். மசாஜ் செய்பவர்களோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

ஒரு பிசியோவிடம் கேட்டு, பக்கவாதம் வந்தவரை எப்படிப் பிடிப்பது, எப்படி எழுப்புவது என்று படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள் ஐயா. எழுத்து பெரிதாக இருக்கட்டும். எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட நான் நகல் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்